மிளகாய் நாற்றின் மேல் இலை முறுக்கிக்கொண்டு வெளிறுகிறது: பூச்சியா, பசளையா?

உப்புவெளிப் பொடியன்

வணக்கம். திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். கச்சான் காற்று இந்த முறை வெளியில் ஒன்றையும் தலைகாட்ட விடவில்லை, போதாததற்குக் குரங்கு. அதனால் மாரிக்கு நடவேண்டிய மிளகாயை மேல்மாடி அறைக்குள்ளேயே நாற்றுப் போட்டேன். விதை எம்.ஐ. 2 ரகம். குழித் தட்டு, கடையில் வாங்கிய தேங்காய்த் தும்புத் தூள் கட்டி. அதை ஊறவைத்து, உதிர்த்து, அப்படியே நிரப்பினேன். மேலே எல்.ஈ.டி. குழல் விளக்கு, தலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். யன்னல் எப்போதும் பூட்டித்தான் இருக்கும்.

முளைப்பு அருமை. விதையிலை இரண்டும் நல்ல பச்சை. அதற்கு மேல் நாலு இலை வந்த பிறகுதான் தொல்லை. புதிதாக வரும் இலை சின்னதாக, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு முறுக்கி வருகிறது. சிலவற்றில் நுனி கருகியிருக்கிறது. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பட்ட இடம் மட்டும் மஞ்சள். தண்டில் கணுவுக்குக் கிட்ட ஊதா நிறமும் தெரிகிறது.

எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட. இந்த நாட்களில் உப்புக் கரிக்கும். அதனால் குடிக்க வாங்கும், உப்பு வடிகட்டின ஆர்.ஓ. தண்ணீரைத்தான் நாற்றுக்கும் ஊற்றுகிறேன். 20-20-20 பசளை லீற்றருக்கு அரைக் கிராம், கிழமைக்கு ஒருமுறை.

அப்பா வைரஸ் என்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்கச் சொல்லி ஒரே பிடி. எரிப்பதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

மூதூர் மச்சான்

அப்பா சொல்வது சரியாக இருக்கலாம். எங்கள் பக்கம் போன போகத்தில் இலைச் சுருள் வந்து பாதித் தோட்டம் போனது. எல்லாம் வைரஸைக் காவுகிற வெள்ளை ஈ செய்த வேலை. இன்றைக்கே வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரமும் கலந்து அடித்து விடுங்கள். பிறகு யோசிக்கலாம்.

கந்தளாய் வயற்காரன்

அடிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி (இலைப்பேன்). கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, அடிப்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கினால் சிற்றுண்ணி. அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, நகைக்கடை லென்ஸ் வேண்டும். போன் கமெராவைப் பெருப்பித்துப் பார்த்தாலும் பனிப்பூச்சி ஓடுவது தெரியும்.

இன்னொன்று. தண்ணீர் தெளிக்கும் பம்ப் எது? வயலுக்கு எம்.சி.பி.ஏ. களைகொல்லி அடித்த பம்பைக் கழுவிவிட்டு நாற்றுக்குத் தெளித்து, இலை நாடா மாதிரி ஒடுங்கித் தண்டும் வளைந்துபோன கதை எனக்குத் தெரியும். அந்தக் களைகொல்லி மிச்சம் மிகக் கொஞ்சம் இருந்தாலே மிளகாய்க்கும் தக்காளிக்கும் போதும்.

சாம்பல்தீவு நாற்றுக்காரி

தம்பி, எரிக்க வேண்டாம். வேப்பெண்ணெயும் இப்போது வேண்டாம். ஒரு சாண் உயரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, அந்தப் பிஞ்சு இலையில் எண்ணெய் பட்டால் பொசுங்கின தடம் வரும். பிறகு எது நோய், எது நீங்கள் செய்தது என்று பிரிக்க முடியாது.

நான் நாற்று விற்றுத்தான் சீவிக்கிறேன். யாராவது முறுக்கின செடியோடு வந்தால் என் முதல் கேள்வி ஒன்றுதான்: பழைய இலையா, புது இலையா? நீங்கள் கேட்காமலே இரண்டையும் எழுதிவிட்டீர்கள், நல்லது. புது இலை முறுக்கி நுனி கருகுவது கல்சியம் போதாத குணம். கல்சியம் தண்ணீரோடு மேலே ஏறும், ஆனால் ஒருமுறை ஓர் இலையில் போய் இருந்துவிட்டால் அங்கிருந்து கிளம்பாது. அதனால் பஞ்சம் வந்தால் குருத்துத்தான் முதலில் கெடும். மக்னீசியம் நேர்மாறு. குறைந்தால் செடி கீழ் இலையிலிருந்து பிடுங்கி மேலே அனுப்பும், கீழ் இலை நரம்புக்கு நடுவில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இதே கோலம்தான், ஆனால் அது மேல் இலையில் தொடங்கும். உங்களிடம் கீழே. ஆக, கல்சியமும் மக்னீசியமும் இரண்டுமே இல்லை.

எங்கே போயின? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஆர்.ஓ. வடிகட்டி உப்பை மட்டும் எடுப்பதில்லை, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கும். என் வீட்டுக் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டிச் சுரண்டி அலுத்துவிட்டது. அந்த வெள்ளை பெரும்பாலும் கல்சியச் சுண்ணாம்புதான். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் நாற்று வளர்க்கும் எனக்கு அது சும்மா கிடைக்கிறது. நீங்கள் காசு கொடுத்து அதை எடுத்துவிட்டு ஊற்றுகிறீர்கள். வழக்கமான 20-20-20இல் தழை, மணி, சாம்பல் சத்து இருக்கும், கல்சியம் இருக்காது.

தும்புத் தூள் அடுத்த ஆள். கழுவாத தூளில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்சியமும் மக்னீசியமும் வந்தால் தூள் அவற்றைத் தான் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். வேருக்கு எட்டுவது மிச்சம்தான். விதையிலை பச்சையாக இருந்ததற்குக் காரணமும் இதுதான்: அதுவரைக்கும் விதைக்குள் இருந்த சாமானில் சீவித்தது.

பூட்டின யன்னலும் உதவவில்லை. காற்றாடாத அறையில் இலை தண்ணீரைக் குறைவாகத்தான் வெளிவிடும். தண்ணீர் ஏறாவிட்டால் கல்சியமும் ஏறாது. கச்சானுக்குப் பயந்து பூட்டியது விளங்குகிறது, ஆனால் ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். இலை லேசாக ஆடினால் போதும்.

ஊதா நிறத்தை மறந்துவிடுங்கள். மிளகாய்க் கணுவில் அது வழக்கமாக வருவது, விளக்குக் கிட்ட இருந்தால் இன்னும் கூடும்.

கந்தளாய்த் தம்பி சொன்ன மாதிரி இலையின் அடிப்பக்கத்தை மட்டும் ஒருக்கால் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் மருந்து சொல்கிறேன்.

உப்புவெளிப் பொடியன்

நன்றி அக்கா. நகைக்கடை லென்ஸ் ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் சுத்தம். மினுக்கமும் இல்லை, ஓடுகிற எதுவும் இல்லை. மஞ்சள் அட்டையில் கிரீஸ் பூசித் தொங்கவிட்டும் ஒரு வெள்ளை ஈகூட ஒட்டவில்லை. பம்ப் புதியது, வயலுக்குப் போனதில்லை. முறுக்கலும் ஒரு மூலையில் இல்லை, தட்டு முழுக்க ஒரே மாதிரி.

சாம்பல்தீவு நாற்றுக்காரி

தட்டு முழுக்க ஒரே மாதிரி என்றால் நல்ல சேதி. பூச்சி ஒரு மூலையில் தொடங்கிப் பரவும். தண்ணீரும் தூளும்தான் எல்லாக் குழிக்கும் ஒரே அளவில் போகும்.

ஆர்.ஓ. தண்ணீரை நிறுத்துங்கள். நகரத்துக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது, அது கிடைத்தால் போதும். கல்சியம் நைத்திரேற்று விவசாய மருந்துக் கடையில் கேளுங்கள். லீற்றருக்கு ஒரு கிராம் கரைத்து, தட்டின் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். கை அளவில் போடாமல் தராசில் நிறுங்கள். வடிந்ததை வீசிவிடுங்கள், அதில்தான் சோடியம் இருக்கும். அடுத்த நாளும் அப்படியே. இரண்டு மூன்று நாள் விட்டு, மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு லீற்றருக்கு அரைக் கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்காதீர்கள், சுண்ணாம்புப் பால் மாதிரி திரிந்து அடியில் தங்கும். 20-20-20ஐயும் கல்சியத்தோடு சேர்க்க வேண்டாம்.

விளக்கை இன்னொரு அரைச் சாண் உயர்த்துங்கள்.

மூதூர் மச்சான்

அப்போ வேப்பெண்ணெய்க்கு வேலையே இல்லையா அக்கா?

சாம்பல்தீவு நாற்றுக்காரி

தோட்டத்தில் நட்ட பிறகு இருக்கும், பின்னேரம் வெயில் இறங்கின பிறகு. ஆனால் சிற்றுண்ணிக்குக் கந்தகம் அடித்த செடிக்கு இரண்டு கிழமைக்குள் எண்ணெய் அடிக்காதீர்கள், இலை கருகும். வெளியில் உங்களுக்கு வந்தது வைரஸாகவே இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. பூட்டின அறைக்குள், ஈ இல்லாமல், எல்லாக் குழியிலும் ஒரே நேரத்தில் வைரஸ் வராது.

வீட்டில் யாராவது சுருட்டுக் குடித்தால் மட்டும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நாற்றைத் தொடச் சொல்லுங்கள். புகையிலையில் இருக்கும் மொசைக் வைரஸ் கைவழியாக மிளகாய்க்கு வரும். அது வந்தால் இலையில் பச்சையும் வெளிறலும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

உப்புவெளிப் பொடியன்

அப்பாதான் சுருட்டுக்காரர் 😀 சொல்லிவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

கல்சியம் இரண்டு தரம் ஊற்றி, எப்சமும் கொடுத்து, மின்விசிறியும் போட்டாயிற்று. இப்போது வருகிற குருத்து நேராக வருகிறது. பழைய இலைகள் அப்படியே முறுக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. அவற்றைக் கிள்ளிவிடவா? எல்லாவற்றையும் நடலாமா?

சாம்பல்தீவு நாற்றுக்காரி

கிள்ளாதீர்கள். முறுக்கினது நிமிராது, ஆனால் பச்சை இருக்கும்வரை அது செடிக்குச் சாப்பாடு போடும். நடுக்குருத்தே கருகிப்போன நாற்றுகளை மட்டும் எடுத்துவிடுங்கள், அவை பக்கக் கிளை விட்டு வந்தாலும் பிந்தும். மற்றவற்றை நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே காலை வெயிலில் வைத்துப் பழக்குங்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. வெளியில் வைத்த நாளிலிருந்து வெள்ளை ஈயைப் பாருங்கள், வலை இருந்தால் போடுங்கள். அதற்குப் பிறகு இலை சுருண்டால் என்னிடம் கேட்க முதல் 1920க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் இலக்கம். தமிழில் கதைப்பார்கள்.