வழக்கே போடாமல் ஸ்டேஷனில் வைத்து அடித்தால் எங்கே, எந்த வரிசையில் புகார் செய்வது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். ஒருவரை 'சும்மா விசாரணை' என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறார்கள். சம்மன் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை. ராத்திரி முழுக்க வைத்து அடித்துவிட்டு, 'எனக்கு யார் மீதும் புகார் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு காலையில் அனுப்பிவிடுகிறார்கள். ஆவணப்படி அந்த ஆள் ஸ்டேஷனுக்கே வரவில்லை. இப்படி ஒரு நிலையில் எஸ்.பி., மாஜிஸ்திரேட், மனித உரிமை ஆணையம், ஐகோர்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது முதலில்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடலாமா? அடித்த அதிகாரியிடமிருந்தே நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட முடியுமா? தமிழ்நாட்டு நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட் தாவாரம்:

இந்த நாலு இடத்துக்கும் முன்னால் அரசு மருத்துவமனை. வெளியே வந்த அன்றே போக வேண்டும். அங்கே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது டாக்டர் 'எப்படி அடிபட்டது' என்று கேட்பார். பாதிப் புகார்கள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். பயத்தில் 'வண்டியில் இருந்து விழுந்துட்டேன்' என்று சொல்லிவிடுவார்கள், அதுவே ஏ.ஆரில் ஏறிவிடும். பிறகு எந்த நீதிமன்றத்தில் எதைச் சொன்னாலும் எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் படித்துக்காட்டுவார். எந்த ஸ்டேஷன், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் (லத்தி, பைப், கை) என்று சொல்லி எழுதவையுங்கள். உள்ளங்காலைக் கட்டாயம் காட்டுங்கள். வெளியில் தெரியாது என்றுதான் அங்கே அடிப்பது.

ரத்தக்கட்டு மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் நன்றாகத் தெரியும். அதனால் தொடர்ந்து சில நாள் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. படங்கள் எடுத்த போனிலேயே இருக்கட்டும். வாட்ஸப்பில் வந்த நகலில் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். மின்னணுப் பதிவுக்கு, சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று (பழைய 65பி) கொடுக்கும்போது மூலக் கோப்பு கைவசம் இருக்க வேண்டும்.

எழுதி வாங்கிய தாளைப் பற்றி முதல் புகாரிலேயே சொல்லிவிடுங்கள், மிரட்டி வாங்கினார்கள் என்று. நீங்கள் மறைத்து, அவர்கள் அதை எடுத்து நீட்டினால் கதை கந்தல்.

பாரா டியூட்டி:

ஸ்டேஷனுக்கே வரலைன்னு சொல்றது வழக்கமான பதில்தான். அதை உடைக்கிற காகிதம் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கு: ஜி.டி. (ஸ்டேஷனோட பொது நாட்குறிப்பு), பாரா புத்தகம் (காவல் நிற்கிறவங்க பதிவேடு), அன்னைக்கு ராத்திரி பணி ஒதுக்கீடு, ஜீப்போட லாக் புக். அதோட சிசிடிவி. பரம்வீர் சிங் சைனி வழக்குல 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் லாக்கப், வராந்தா, வாசல் எல்லா இடத்துலயும் கேமரா வேணும், பதிவு 18 மாசம் இருக்கணும், அதுக்கு வசதி இல்லைன்னாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. ஆனா நம்பி உட்கார்ந்திடாதீங்க. சாத்தான்குளம் ஸ்டேஷன்ல ஹார்ட் டிஸ்க்ல இடம் இருந்தும் பதிவு தினமும் தானா அழியற மாதிரி வச்சிருந்தாங்கன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே அறிக்கை கொடுத்தார்.

அதனால முதல் நாளே எஸ்.பி.க்கு (சிட்டின்னா கமிஷனருக்கு) ஒரு கடிதம்: 'இந்தத் தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரைக்கும் உள்ள சிசிடிவி பதிவையும் மேலே சொன்ன பதிவேடுகளையும் பாதுகாத்து வைக்கவும்.' மெயில்லயும் போடுங்க, பதிவுத் தபால்லயும் போடுங்க. ஆர்.டி.ஐ. அதுக்கு அப்புறம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவை நகலாக் கேளுங்க. 30 நாள் கெடு. பெரும்பாலும் 8(1)(எச்), விசாரணைக்கு இடையூறுன்னு தள்ளிவிடுவாங்க. அப்பவும் வீண் இல்லை. பதிவு இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான். அப்புறம் கோர்ட்ல பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவுல வரவழைக்கலாம்.

மெயிலுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. புகார் கொடுத்தது தெரிஞ்சா 'பணியில் இருந்த போலீசைத் தாக்கினான்'னு 132 பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) எதிர்க்கேஸ் வரலாம். உங்க மெயில் நேரம் அந்த எஃப்.ஐ.ஆருக்கு முந்தி இருந்தா அதுக்கு மதிப்பு வேற. அந்தக் காலத்துல தந்தி அடிச்சதும் இதுக்குத்தான்.

மதுரை பெஞ்ச்:

மேலே இருவரும் சொன்னது சரி. இனி வரிசை.

குற்றவியல் வழி: எஸ்.பி.க்குப் புகார் (பி.என்.எஸ்.எஸ். 173(4)). அதிலும் வழக்குப் பதியவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய நகலும் தபால் ரசீதும் இல்லாமல் போனால் மனு திரும்பி வரும். 2024 ஜூலைக்குப் பிறகு ஒரு தடை கூடியிருக்கிறது. அரசு ஊழியர் மீது தனிநபர் புகார் என்றால், அவர் தரப்பைக் கேட்டு, மேலதிகாரியின் அறிக்கையும் வந்த பிறகே கோர்ட் அதை ஏற்க முடியும் (223(2)). அடிப்பது கடமையின் பகுதி அல்ல என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனாலும் மாதங்கள் ஓடும் என்று தெரிந்தே இறங்குங்கள். அரசின் முன் அனுமதி தேவைப்படும் அதிகாரி என்றால், 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் (218).

புகாரில் பலரும் விடும் விஷயம்: என்ன கேட்டு அடித்தார்கள்? 'நகை எங்கே, ஒத்துக்கொள்' என்று கேட்டு அடித்திருந்தால் அது 120 பி.என்.எஸ்., ஏழாண்டு வரை தண்டனை. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் வெறும் காயப்படுத்தியது என்ற 115(2) ஆகச் சுருங்கும், அதற்குக் காலவரம்பும் ஒரே வருடம்.

மாநில மனித உரிமை ஆணையம்: கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். கோர்ட்டில் நிலுவையில் உள்ளதை ஆணையம் பொதுவாகத் தொடாது. எனவே ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டுவிட்டு இங்கே வருவதைவிட, இங்கே முதலில் போடுவது நல்லது. டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள், மாநிலத்தில் நிலுவையில் இருந்தால் அவர்கள் விசாரிக்க மாட்டார்கள். எஸ்.பி.யின் அறிக்கை வந்ததும் உங்களிடம் பதில் கேட்பார்கள். அந்தத் தபாலுக்குப் பதில் போடாமல் விட்டு முடிந்துபோன கோப்புகள் ஏராளம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. அரசு தொகையைக் கொடுத்து, அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது வழக்கமான உத்தரவு.

எளியவன்:

போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே? யாரும் சொல்லவில்லையே.

மதுரை பெஞ்ச்:

தமிழ்நாட்டின் 2013 போலீஸ் சீர்திருத்தச் சட்டப்படி அதற்கு மாநில அளவில் உள்துறைச் செயலரும் மாவட்டத்தில் ஆட்சியரும் தலைவர். பிரகாஷ் சிங் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதியை. திருடனைப் பற்றி அவன் அண்ணனிடம் புகார் சொல்வது போலத்தான். ஒரு நகல் அனுப்புங்கள், காத்திருக்காதீர்கள்.

கோர்ட் தாவாரம்:

சிவில் வழக்கு கேட்டிருந்தார். போடலாம். ஆனால் இதைக் கடைசியில் வைப்பேன். அதிகாரி, அரசு இரண்டு பேரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். அரசை மட்டும் சேர்த்தால் கஸ்தூரி லால் வழக்கை (1965) நீட்டி, போலீஸ் வேலை இறையாண்மைச் செயல், அரசுக்குப் பொறுப்பில்லை என்பார்கள். அதிகாரியை மட்டும் சேர்த்தால் ஜெயித்தும் வசூல் கஷ்டம். நீலபதி பெஹரா வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் ரிட்டிலேயே ஒன்றரை லட்சம் கொடுக்கவைத்தது இந்தச் சுவரைத் தாண்டத்தான். காயமும் காவலும் காகிதத்தில் தெளிவாக இருந்தால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் (ரிட்) ஐகோர்ட் வேகம். அடித்ததா இல்லையா என்பதே சண்டை என்றால், சாட்சி விசாரித்துக்கொண்டு வா என்று ரிட்டைத் திருப்பிவிடுவார்கள். அப்போதுதான் சிவில்.

வைகைக்கரை:

நன்றி. சிவிலுக்குக் கெடு எவ்வளவு, செலவு எவ்வளவு?

கோர்ட் தாவாரம்:

சட்டவிரோதக் காவலுக்கு, விட்ட நாளிலிருந்து ஒரு வருடம். அடித்ததற்கும் ஒரு வருடத்தையே கணக்கில் வையுங்கள். அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ்: அரசுக்காக மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, அதிகாரிக்கு அவர் அலுவலகத்தில் ஒன்று. பெயர், முகவரி, நடந்தது, கேட்கும் தொகை நான்கும் இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத்தான் வழக்கு. அந்த இரண்டு மாதம் காலவரம்பில் கழிக்கப்படும், இருந்தாலும் பதினோராவது மாதம் வரை இழுக்காதீர்கள். நோட்டீஸ் கொடுத்ததை வழக்குரையிலும் எழுத வேண்டும்.

1859-ஆம் வருட மாவட்டப் போலீஸ் சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் காட்டி மூன்று மாதம்தான் கெடு என்று ஒரு ஆட்சேபம் வரும். சித்திரவதை அந்தச் சட்டத்தின் கீழ் செய்த காரியம் ஆகாது என்று வேணுகோபால் வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

கோர்ட் ஃபீ 3 சதவீதம். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். கட்ட முடியாதவர்கள் சிவில் நடைமுறைச் சட்டத்தின் உத்தரவு 33-இல் வறியவர் மனு போடலாம். வக்கீல் வைக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100.