ஸ்டென்ட் பொருத்திய பெருந்தமனி மாதிரி: நேரப்படியைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம் நின்றுவிடுகிறது

நாளவியல்: மார்புப் பெருந்தமனியில் ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய உலோகச் சட்டகக் குழாய்) வைத்த பிறகு எடுத்த சி.டி. படத்திலிருந்து கணினி மாதிரி கட்டியிருக்கிறேன். மென்பொருள்கள்: ரத்த ஓட்டத்துக்கு ஓப்பன்ஃபோம், தமனிச் சுவருக்குக் கால்குலிக்ஸ், இரண்டையும் இணைக்க பிரிசைஸ். சுவரை அசையாமல் வைத்தால் சிக்கலே இல்லை. அசையவிட்டால், இதயம் சுருங்கத் தொடங்கும்போதே அழுத்தம் தாறுமாறாகத் துள்ளிக் கணக்கு நின்றுவிடுகிறது. நேரப்படியை (கணக்கு ஒவ்வொரு முறை முன்னேறும் நேர அளவை) பாதியாக்கினேன், இன்னும் சீக்கிரம் நிற்கிறது! ரத்தத்தின் அடர்த்தி 1060, சுவருடையது 1120 கிலோ/கன மீட்டர். ரத்தக் கணக்கும் சுவர்க் கணக்கும் ஒவ்வொரு நேரப்படிக்கும் ஒரே ஒரு முறைதான் தரவைப் பரிமாறுகின்றன. வெளிவாய்களில் அழுத்தம் பூஜ்யம்.

ஓட்டக்கணியன்: நேரப்படியைக் குறைக்கக் குறைக்க மோசமாகிறது என்றீர்களே, நோய் அதிலேயே தெரிந்துவிட்டது. கூடுதல் நிறை விளைவு. சுவர் நகரும்போது ஒட்டியுள்ள ரத்தத்தையும் தள்ளியாக வேண்டும். விமான இறக்கைக்குக் காற்றின் எடை ஒரு பொருட்டல்ல. இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. படிக்கு ஒரே பரிமாற்றம் என்றால் நேரப்படி எவ்வளவு சிறிதானாலும் நிலைக்காது என்று ஆய்வாளர்கள் காசின், ஜெர்போ, நோபிலே 2005இலேயே காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு படியிலும் இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பப் பரிமாறச் சொல்லுங்கள். வேகப்படுத்த பிரிசைஸிலுள்ள குவாசி நியூட்டன் முறையை (முந்தைய சுற்றுகளின் விடைகளைக் கொண்டு அடுத்ததைக் கணிப்பது) போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றத்தின் ஒரு பங்கை மட்டும் ஏற்கும் வெறும் தளர்வுக் காரணியை நம்பினால் விடிந்துவிடும்.

வலைமுனை: அது சரியானாலும் வெளிவாய்களில் வைத்த பூஜ்ய அழுத்தம் உங்களை விடாது. ஒவ்வொரு கிளைக்கும் மூன்று உறுப்பு விண்ட்கெஸல் (அதற்கப்பால் உள்ள ரத்தநாளங்களின் தடையையும் நெகிழ்வையும் குறிக்கும் எளிய மாதிரி) வையுங்கள். இன்னொன்று: சி.டி.யில் தெரியும் தமனி ஏற்கெனவே ஏறத்தாழ 80 மி.மீ. பாதரச அழுத்தத்தில் விரிந்து நிற்பது. அதையே தளர்ந்த வடிவமாகக் கொண்டு மேலே அழுத்தம் கொடுத்தால் இரண்டு முறை ஊதியதாகிவிடும். அந்த அழுத்தத்தால் சுவரில் ஏற்கெனவே உள்ள தகைவை (ஸ்ட்ரெஸ்), அதாவது முன்தகைவை, முதலில் கணக்கிடுங்கள்.

நாளவியல்: மிக்க நன்றி. பரிமாற்றத்தை மாற்றியதும் முழு இதயத்துடிப்பும் ஓடிவிட்டது. முன்தகைவு இனிமேல்தான். ஆனால் கிராஃப்டின் கீழ்விளிம்பில் சுவர்த்தகைவு ஊசிபோல் எகிறுகிறது. இதுவும் பிழைதானா?

வலைமுனை: பாதி உண்மை, பாதி வலைப்பின்னலின் (மாதிரியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கட்டத்தின்) வேலை. நிட்டினால் உலோகமும் டாக்ரான் துணியும் சேர்ந்த குழாய் தமனியைவிட மிக விறைப்பானது. அது முடியும் இடத்தில் தகைவு கூடத்தான் செய்யும். ஆனால் இரண்டையும் ஒட்டவைத்து இணைத்திருந்தால் கூர்விளிம்பில் வரும் உச்சத்துக்கு எல்லையே இல்லை. அங்கே மட்டும் வலையை நுணுக்கிப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த முனையை விட்டுவிட்டு, சில மி.மீ. தள்ளி உள்ள மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டக்கணியன்: கிராஃப்டைத் தமனியைவிட 10–20% அகலமாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அது வெளிப்புறம் தள்ளும் விசை உங்கள் மாதிரியில் இருப்பதாகத் தெரியவில்லை. அதைச் சேர்க்காமல் விளிம்புத் தகைவை மருத்துவரிடம் காட்டாதீர்கள்.