ட்ரக் கடந்தால் மோட்டார்ஹோம் ஆடுகிறது: அலைன்மென்டா, கூடுதல் பாகங்களா?

வழிப்போக்கன்:
பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் முகப்புக்குப் பின்னால் வீட்டுப் பெட்டி வைத்த வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். 2016 மாடல், ஃபோர்ட் இ-450 சேஸிஸ், 31 அடி நீளம். டல்லாஸிலிருந்து நியூ மெக்சிகோ வரை போய்வந்தோம். அமரில்லோ தாண்டி ஐ-40இல் பக்கக் காற்று அடித்ததும் வண்டி கையில் நிற்கவே மாட்டேன் என்றது. காற்று இல்லாத இடத்திலும் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 18 சக்கர ட்ரக் கடக்கும்போது முதலில் வெளியே தள்ளுகிறது, அப்புறம் அதன் பக்கம் இழுக்கிறது. இனி விமானம்தான் என்கிறார் வீட்டம்மா. சக்கரத்தை நேராக நிறுத்த உதவும் ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் போட்டால் தீருமா?

ஹைவே ராஜா:
போடுங்க. என்னுடையதும் இ-450தான். முன்னால் சேஃப்-டி-ப்ளஸ் ஸ்டெபிலைசர், பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ட்ராக் பார் கம்பி, சாய்வைக் குறைக்கத் தடித்த ஸ்வே பார். மூன்றும் போட்ட பிறகு ஒரு கையில் காபியோடு ஓட்டுகிறேன்.

அச்சாணி:
காபியைக் கீழே வையுங்க ராஜா. சேஃப்-டி-ப்ளஸ் என்பது சுருள் வில்லும் ஷாக்கும் சேர்ந்த கருவி. சக்கரத்தை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். முன் டயர் வெடித்தால் அது உயிர் காக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் ஏன் நடுவில் நிற்கவில்லை என்பதற்கு அது பதில் இல்லை. காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைவு, டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) தவறு, முன் அச்சில் எடை போதாது என்று காரணம் எதுவாக இருந்தாலும், வலி மாத்திரை மாதிரி மறைத்துவிடும்.

வழிப்போக்கன், காசு செலவழிக்கும் முன் ஒரு ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் தராசில் வண்டியை ஏற்றுங்கள். தண்ணீர், பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாம் இருக்க வேண்டும். முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள்.

ஹைவே ராஜா:
எடை, அலைன்மென்ட் எல்லாம் நானும் பார்த்தவன்தான். அலைன்மென்ட் கடைக்காரர் "எல்லாம் பச்சை" என்று காகிதத்தை நீட்டினார். வண்டி முன்பு போலவே அலைந்தது. நிறுத்தியது ட்ராக் பார்தான்.

அச்சாணி:
அந்தப் பச்சைதான் வில்லங்கம். கணினியில் இருக்கும் அளவு வரம்பு, பொதுவான இ-சீரிஸ் வேனுக்கானது. அதன் நடுவில் விட்டாலும் பச்சை, ஓரத்தில் விட்டாலும் பச்சை. மேலே உயரமான பெட்டியைச் சுமக்கும் வண்டிக்குக் காஸ்டர் பாசிட்டிவ் பக்கம் 5 டிகிரி அளவுக்காவது போக வேண்டும். வலது பக்கம் இடதைவிடச் சற்றே கூடுதல், ஏனென்றால் சாலை வலப்புறம் சரிந்திருக்கும், வண்டியோ காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். இதற்கு, முன் சக்கரத்தின் மேல்பக்கப் பால் ஜாயின்ட்டில் இருக்கும் ஸ்லீவை, கூடுதலாகத் திருப்பக்கூடிய வேறொன்றாக மாற்ற வேண்டும். சாதாரண டயர் கடையில் இதற்கு மெனக்கெட மாட்டார்கள். கனரக ட்ரக் பார்க்கும் இடத்துக்குப் போங்கள்.

கரோலினா சித்தப்பா:
தம்பிகளா, செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறதே. ஸ்வே பார் லிங்கை உள் துளைக்கு மாற்றினால் பார் விறைப்பாகிவிடும். என் எஃப்-53இல் ஒரே மதியத்தில் முடித்தேன்.

அச்சாணி:
சித்தப்பா, அது கிளாஸ் ஏ, பஸ் மாதிரி வண்டி. உங்கள் ஸ்வே பாரில் இரண்டு துளை இருக்கிறது, இவருடையதில் இல்லை. முன் அச்சும் வேறு: உங்களுடையது ஒற்றை ஐ-பீம் (இரும்புத் தண்டு), இவருடையது இரட்டை.

ஹைவே ராஜா:
சித்தப்பாவை விரட்டாதீங்க. விஷயத்துக்கு வருகிறேன். ட்ரக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பின் லீஃப் ஸ்ப்ரிங்கும் (பட்டை வில்), அதைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளும் வளைந்து கொடுக்கின்றன. பெட்டி ஒரு பக்கம் நகர்கிறது, அச்சு இருந்த இடத்திலேயே நிற்கிறது. வால்தான் வண்டியைத் திருப்புகிறது. காஸ்டரை எத்தனை டிகிரி வைத்தாலும் இது நிற்காது. அச்சையும் சேஸிஸையும் குறுக்காகக் கட்டிவைப்பது ட்ராக் பார் மட்டும்தான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அச்சாணி:
ட்ரக் தள்ளுவதற்கு, சரிதான். ஸ்வே பார்கூட சாய்வைத்தான் தடுக்கும், இந்த நகர்வை அல்ல. ஆனால் காற்றே இல்லாத சாலையிலும் அலைகிறது என்கிறாரே? அது வேறு நோய். எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான் என் சண்டை.

வழிப்போக்கன்:
எடை போட்டுவிட்டேன். முன் அச்சு 4,020 பவுண்ட், பின் அச்சு 9,780. மொத்தம் 13,800, அனுமதி 14,500. அப்படியானால் பிரச்சினை இல்லைதானே? டயர் நான்கு பக்கமும் 80 பிஎஸ்ஐ.

அச்சாணி:
மொத்தம் சரி, பங்கீடு சரியில்லை. பின் அச்சின் எல்லை 9,600. தாண்டிவிட்டீர்கள். முன் அச்சு 5,000 தாங்கும், அதில் கிட்டத்தட்ட ஆயிரம் பவுண்ட் சும்மா கிடக்கிறது. பின்னால் ஏதாவது தொங்குகிறதா?

வழிப்போக்கன்:
ஹிட்ச் ரேக்கில் ஜெனரேட்டர், மூன்று சைக்கிள், கூலர். 300 பவுண்ட் இருக்கும்.

அச்சாணி:
உங்கள் இரண்டு அச்சுக்கும் இடைவெளி சுமார் 18 அடி. ரேக், பின் அச்சிலிருந்து 12 அடி பின்னால். அங்கே 300 பவுண்ட் வைத்தால் பின் அச்சில் 500 ஏறும், முன் அச்சில் 200 குறையும். ஏற்றப்பலகைக் கணக்குதான். ரேக்கைக் காலி செய்து, கனமான சாமானை இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள அறைகளில் வையுங்கள். பின் டயர் 80இலேயே இருக்கட்டும், அந்த எடைக்கு அது வேண்டும். முன்னால் டயர் கம்பெனி அட்டவணையில் உங்கள் எடைக்கு நேரே உள்ள அழுத்தத்தைப் பாருங்கள். 2,010 பவுண்ட் சுமக்கும் டயருக்கு 80 எதற்கு? கல் மாதிரி நின்று, சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் ஸ்டீயரிங்குக்கு அனுப்பும்.

ஹைவே ராஜா:
இதில் எனக்கு மறுப்பில்லை. ரேக்கைக் கழற்றுங்க, காஸ்டரைப் பாருங்க. அலைச்சல் நிற்கும். பிறகு காற்றடிக்கிற நாளில் அதே ஐ-40இல் ஏறுங்க. ட்ரக் கடக்கும்போது இன்னும் வால் நகர்ந்தால் அச்சாணியிடம் கேட்காதீங்க, என்னிடம் வாங்க. ட்ராக் பாரை எப்படி மாட்டுவது என்று படத்தோடு சொல்கிறேன்.

கரோலினா சித்தப்பா:
வேகம் எவ்வளவு என்று யாருமே கேட்கவில்லையே?

வழிப்போக்கன்:
மணிக்கு 75 மைல், சித்தப்பா.

கரோலினா சித்தப்பா:
60க்கு வாங்க, அப்புறம் பேசலாம்.