புதுமைப்பித்தன் முழுத்தொகுப்பு: முதல் பக்கத்துல இருந்தே படிக்கணுமா?

கரிசக்காட்டான்:
புதுசா படிக்க வர்றவங்க கையில புதுமைப்பித்தனோட சிறுகதை முழுத்தொகுப்பைக் குடுத்து வரிசையா படின்னு சொல்லாதீங்க. காலச்சுவடு பதிப்பு, வேங்கடாசலபதி தொகுத்தது, காலவரிசையில இருக்கு. 1934ல மனுஷன் எழுதித் தள்ளியிருக்காரு, பல கதை ரெண்டு மூணு பக்கம்தான், அதுலயே புது ஆளு களைச்சுப்போய் மூடி வச்சிருவான். செல்லம்மாள், சாப விமோசனம், கயிற்றரவு, துன்பக்கேணி, கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும், இப்படிப் பத்து கதை போதும்.

பொருநை:
ஒத்துக்கவே முடியாது சார். சாப விமோசனம் வந்தது 1943ல. அதுக்கு ஒன்பது வருஷம் முந்தி 'அகல்யை'ன்னு ஒண்ணு எழுதியிருக்காரு, அதுல கோதமர் பொண்டாட்டி அகல்யையை மன்னிச்சுடறாரு, மனசு சுத்தமா இருந்தா போதும்னு கதை முடியுது. பின்னாடி எழுதுனதுல மன்னிப்புக்கு அப்புறம் என்னங்கிறதுதான் கதையே. கல்லாக் கிடந்த சாபம் தீர்ந்தும், எதிர்ல வர்றவன் எல்லாம் அகல்யைக்குத் தன்னை ஏமாத்துன இந்திரனாத் தெரியுறான், கடைசியில சீதை வந்து தீக்குளிச்சதைச் சொன்னதும், ராமனா கேட்டான்னு பதறி மறுபடி கல்லாயிடுறா. தான் சொன்ன பதிலைத் தானே உடைச்சிருக்காரு, அது உங்க பத்து கதையில தெரியுமா?

கரிசக்காட்டான்:
அதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு நண்பரே. செல்லம்மாள் கதையில எடுத்த எடுப்புலயே அவ உயிர் போயிடுது, அவ புருஷன், ஜவுளிக்கடை வேலைக்காரர் பிரமநாயகம் பிள்ளை பக்கத்துல தனியா இருக்காரு, இதைப் படிக்க முன்கதை எதுவும் வேண்டாமே. ஒரு கதை தனியா நிக்கணும், நின்னாத்தான் அது கதை.

தேரடி வாசகி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 2002ல நாட்டுடைமை ஆகி, யார் வேணா வெளியிடலாம்னு ஆனதுல இருந்து எல்லாக் கதையும் நெட்லயே உதிரியாக் கிடைக்குது, பல இடத்துல வருஷம்கூடப் போட மாட்டாங்க. எது எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சு படிக்கத்தானே காசு குடுத்து அந்த புக்கை வாங்குறோம்.

பொருநை:
அதேதான்! அகல்யை வந்த அதே 1934லதான் பொன்னகரமும். குதிரைவண்டிக்காரன் அடிபட்டுக் கிடக்கான், பால் கஞ்சி கேக்குறான், அவன் பொண்டாட்டி அம்மாளு ஒருத்தனோட சந்துக்குள்ள போய் முக்கால் ரூபாய் சம்பாதிச்சுட்டு வர்றா. முனிவர் பொண்டாட்டிக்கு மன்னிப்பாவது கிடைச்சுது, அம்மாளுவை மன்னிக்க எவனுக்கு என்ன தகுதி இருக்குன்னு அந்த மனுஷன் அந்த வருஷமே நம்மளைப் பார்த்துக் கேட்டுட்டாரு. பொறுக்கிப் படிச்சா இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வராது.

கரிசக்காட்டான்:
இது நல்ல பாயிண்ட். சரி, 1934ஐ மட்டும் முழுசா படிக்கச் சொல்றேன். மிச்சத்துக்கு என் பத்து கதை லிஸ்ட்தான், அதுல மாற்றம் இல்ல.