பச்சைச் சிப்பி: கரைக்குக் கரை மாறும் சுவையை எப்படிப் பிரித்தறிவது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்துவரும் நான், தொழில் நிமித்தமாக விரைவில் பாரிஸ் செல்லவிருக்கிறேன். அங்குள்ள வாடிக்கையாளர் அழைத்துச் செல்லும் உணவகத்தில், பல கடற்கரைகளின் சிப்பிகளைப் பனிக்கட்டி மேல் அடுக்கிப் பச்சையாகவே பரிமாறுவார்களாம். மஞ்சளும் மிளகும் சேராத அசைவத்தை அறியாத கொங்கு நாக்குக்கு இது சோதனைதான்.

பிரான்சில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது பசிபிக் இனச் சிப்பியே என்றாலும், அது வளரும் நீரின் உப்பும் நுண்பாசியும் மாறுவதால் சுவையும் மாறுகிறது என்று படித்தேன். வடமேற்குப் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலுள்ள கான்கால் ஊர்ச் சிப்பியில் கடலுப்பு தூக்கலாக இருக்குமென்றும், மரேன்-ஒலெரோன் பகுதியில் பழைய உப்பளப் பாத்திகளில் விட்டுப் பக்குவப்படுத்துவதால் அந்தக் கரிப்பு தணியுமென்றும், அங்கே ஒருவகைப் பாசியால் சிப்பியின் செவுள் பச்சை நிறமாகவே மாறுவதுண்டென்றும் சொல்கிறார்கள். பெலோன் எனப்படும் தட்டையான சிப்பி தனி இனம். அதில் உலோகச் சுவை நாக்கில் நெடுநேரம் நிற்குமாம்.

அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: எதில் தொடங்கி எதில் முடித்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்? எலுமிச்சை பிழிந்தால் வேறுபாடு மறைந்துவிடாதா? ஓட்டிலுள்ள நீரைக் குடிக்க வேண்டுமா, கொட்டிவிடலாமா?

உடன் வரும் பங்குதாரருக்குக் கல்லீரல் கோளாறு உள்ளது. அத்தகையோருக்குப் பச்சைச் சிப்பியிலுள்ள விப்ரியோ கிருமி ஆபத்தானது என்பதால் அவர் உண்ணப்போவதில்லை. விருந்தளிப்பவர் மனம் கோணாமல் அவருக்கு வேகவைத்ததைக் கேட்டு வாங்குவது அங்கே வழக்கம்தானா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.