முதியோர் இல்லத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா பரவுகிறது, உதவி தேவை

கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் பொறுப்பில் இருக்கிறேன். சித்திரையில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பாட்டி ஒருவருக்குச் சிறுநீர் கல்ச்சர் சோதனையில், மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா வந்தது. இப்போது பக்கத்து அறைகளில் மேலும் மூவருக்கு. நால்வருக்கும் சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போட்டிருந்தது; காய்ச்சல் ஒருவருக்கு மட்டும்.

சானிடைசர், கையுறை, ஆளுக்கொரு பிபி பட்டை, பிளீச்சிங் கரைசலால் கட்டில் துடைப்பது எல்லாம் நடக்கிறது. தேவையில்லாத குழாய்களை எடுத்தாயிற்று. தனி அறைக்கு வழியில்லை. மறதிநோய் உள்ளவர்களைப் பூட்டி வைக்க எனக்கு மனமும் இல்லை. காய்ச்சலே இல்லாதவருக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் பிள்ளைகள் வேறு தலைவலி.

கலிஃபோர்னியாவில் 28 இல்லங்களை வைத்து நடந்த ஆய்வில் (2023), குளோரெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் குளியலும் மூக்குக்குப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியும் தொற்றால் மருத்துவமனைக்குப் போவதைக் குறைத்தன. படுக்கையில் இருப்பவர்களுக்கு 2% குளோரெக்ஸிடின் கரைசலால் துடைத்து, கழுவாமல் விட்டார்கள்.

நம் ஊரில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: வயதானவர்களின் மெல்லிய தோல் இதைத் தாங்குகிறதா?