கல்லூரி போகாமல் வெல்டிங்: ஐம்பது வயதில் என்ன செய்வது?

புதுத்தளிர்:
பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. வெல்டிங் கற்றுக்கொண்டு அதிலேயே முன்னுக்கு வர ஆசை. வீட்டில் "முதலில் ஒரு டிகிரி வாங்கு, அப்புறம் எது வேண்டுமானாலும் செய்" என்கிறார்கள். தொழிலில் இருப்பவர்களும் சரி, வேண்டாம் என்பவர்களும் சரி, மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

தீப்பொறி:
தாராளமாக வா தம்பி. ஆனால் ஏதோ இரண்டு தகட்டை ஒட்டத் தெரியும் என்பதோடு நின்றுவிடாதே. குழாய் வெல்டிங்கில் கடினமான 6ஜி தேர்வைக் குறிவை. குழாயை 45 டிகிரி சாய்த்து இறுக்கிவிடுவார்கள், திருப்பக் கூடாது. நீதான் அதைச் சுற்றி வர வேண்டும்: மேலிருந்து, பக்கவாட்டில், அடியில் அண்ணாந்து படுத்தபடி. முதல் அடுக்கான ரூட்டைப் பெரும்பாலும் டிக்கில் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் வைத்துச் செய்யும் வெல்டிங்) போடுவோம். உள்பக்கம் ஓரிடத்தில் உருகிச் சேராமல் விட்டாலும் எக்ஸ்ரேயில் கோடாகத் தெரியும். இல்லையென்றால் பட்டையாக வெட்டி யூ வடிவத்தில் வளைப்பார்கள், அந்த இடம் பிளந்துகொள்ளும். இதில் தேறியவனிடம் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

நிழல்மரம்:
தீப்பொறி அண்ணா, திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை உடம்பைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் அதே பிரிவு.

என் அப்பாவும் இதே தொழில்தான். கையெழுத்து மாதிரி அவர் போட்ட ஜாயின்ட்டைப் பார்த்தே யார் வேலை என்று சொல்வார்கள். ஐம்பதை நெருங்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. சூப்பர்வைசர் இடம் காலியானபோது டிப்ளமோ கேட்டார்கள். அப்பாவிடம் வேலை கற்ற ஒருவரே டிப்ளமோ வைத்திருந்ததால் அவருக்கு மேலதிகாரி ஆனார். அதற்குப் பிறகும் அப்பா ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்சுடர்) முன்னால்தான் உட்கார்ந்தார். இதைப் பார்த்துவிட்டு யாருக்கும் "தாராளமாக வா" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தீப்பொறி:
அப்பாவுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. புகை விஷயத்தில் ஒன்று மட்டும்: அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து இரண்டிலும் ஒரே அளவு என்று சொல்லவில்லை. ஆர்க்குக்குப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழல் வைத்து, காற்று செலுத்தும் முகக்கவசமும் போட்டால் மூச்சில் போகும் புகை வெகுவாகக் குறையும். இது இல்லாத பட்டறையில் நிற்கவே கூடாது.

அளவுகோல்:
இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் தொடுகிறீர்கள்: மேலே ஏற வழி இருக்கிறதா? ஜெர்மனியில் பயிற்சியாளர் சம்பளம் வாங்கிக்கொண்டே வேலையிடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்கிறார். பெரும்பாலான தொழில்களுக்கு 3 அல்லது 3½ ஆண்டு. அதற்கு மேல் மைஸ்டர், அதாவது தேர்ந்த தொழில் வல்லுநர் ஆவதற்கான தேர்வு. அங்கே கைவேலை, தொழில்நுட்ப அறிவோடு கணக்கு வழக்கு, சட்டம், புதியவர்களுக்குக் கற்பிக்கும் முறை எல்லாவற்றிலும் தேற வேண்டும். அந்த நாட்டின் தகுதி அட்டவணையில் மைஸ்டரும் இளங்கலைப் பட்டமும் ஒரே 6-ஆம் படியில் இருக்கின்றன.

நிழல்மரம்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! அங்கே ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள். ஏணியே இல்லாத இடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு "உழைத்தால் உயரலாம்" என்பது நியாயமா? பல இடங்களில் மாஸ்டர் வேலையைச் சொல்லித்தருவதே இல்லை. வருடக்கணக்கில் எடுபிடியாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

மின்மினி:
நான் எலக்ட்ரீஷியன், கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எடுபிடி வேலை தொடக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. சில மாதம் போயும் கருவியைக் கையில் தரவில்லை என்றால் இடத்தை மாற்றிவிட வேண்டும், விசுவாசம் பார்க்கக் கூடாது. நான் கற்ற இடத்தில் புது வயரிங் முடிந்ததும் இன்சுலேஷன் அளக்கும் கருவியான மெக்கரை என்னிடம் கொடுத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்வார்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கே கசிகிறது என்று நானே தேட வேண்டும். 230 வோல்ட் லைனுக்கு ஏன் 500 என்று கேட்டேன். மாஸ்டர் உட்கார வைத்து விளக்கினார்: பயன்பாட்டு அழுத்தத்தில் தாங்குவது போதாது, அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால்தான் பலவீனமான இடம் வெளியே வரும். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிற பட்டறைதான் எனக்குக் கல்லூரி.

நிழல்மரம்:
அப்படிப்பட்ட மாஸ்டர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம் அக்கா. எல்லோருக்கும் அது அமையாது.

அளவுகோல்:
அமையாவிட்டாலும் ஏணியின் சில படிகளை நாமே போட்டுக்கொள்ளலாம். இருபதுகளிலேயே வரைபடம் படிக்கக் கற்றுக்கொள். எஸ்டிமேட் போடப் பழகு. வெல்டிங்கில் இன்ஸ்பெக்ஷன் பக்கம் போக வழி இருக்கிறது, அதற்கான சான்றிதழைத் தோள் வலி வருவதற்கு முன்பே வாங்கிவிடு. வலி வந்த பிறகு புத்தகத்தைத் தொடுவது ரொம்பக் கஷ்டம்.

புதுத்தளிர்:
அப்படியென்றால் ஒரு பட்டறையில் சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

தீப்பொறி:
புகை உறிஞ்சும் ஏற்பாட்டைக் காட்டச் சொல். பயிற்சிக்கு ஸ்கிராப் குழாய் தருவார்களா என்று கேள். அங்கே கற்றவர்களில் 6ஜி தேறியவர் யார் என்று விசாரித்து, முடிந்தால் அவரிடமே பேசு.

நிழல்மரம்:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள் தம்பி. மாலை நேர டிப்ளமோ வகுப்புக்கு நேரத்தோடு விடுவார்களா என்று முதல் நாளே கேள். இழுத்தடித்தால் அந்தப் பட்டறையே வேண்டாம். நீ வெல்டிங்கே கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் தொழில் இருக்கட்டும், பெட்டியில் அந்தக் காகிதமும் இருக்கட்டும்.